கடையில் கிடைக்காத அளவு

தானத்துக்காகப் போர்வை பின்னறவங்களை நான் ரெண்டு வகையாப் பிரிச்சு வெச்சிருக்கேன். வாங்கிக்கப் போறவங்களுக்கு என்ன வேணும்னு கேட்டுட்டு ஊசியை எடுக்கறவங்க ஒரு வகை. தனக்கு எது பின்னப் பிடிக்குதோ அதைப் பின்னி முடிச்சிட்டு, அப்புறமா அதை வாங்கிக்க ஆள் தேடறவங்க இன்னொரு வகை. இந்த ரெண்டாவது வகையோடதான் இன்னிக்கு எனக்குச் சண்டை. (கையில எட்டாம் நம்பர் ஊசி இருக்கு, பார்த்துப் பேசுங்க மக்களே :-))

முதல்ல கொஞ்சம் முன்கதை. நாங்க இருக்கறது அமெரிக்காவுல ஓஹையோ மாநிலம். நவம்பர்லேருந்து மார்ச் வரைக்கும் வெளியில தலை காட்ட முடியாத குளிர். ஊர் நூலகத்துல வியாழக்கிழமை தோறும் காலைல ஒரு குழு கூடும். பத்துப் பன்னிரண்டு பேர் வருவாங்க. அதுல சின்னப்பொண்ணு நான்தான், எனக்கே அம்பத்தாறு! ஆளுக்கொரு பையோட வந்து உக்காந்து ஊர்க்கதை பேசிக்கிட்டே பின்னுவோம். பின்னினது எல்லாம் ஒரு ஆஸ்பத்திரிக்கும், 'ப்ராஜெக்ட் லைனஸ்'ங்கற அமைப்புக்கும் போகும். குழுவை நடத்தறவங்க, குறைமாசக் குழந்தைகள் வார்டுல முப்பது வருஷம் நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவங்க. இங்கே வயசு வித்தியாசம் இல்லாம எல்லாரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடறாங்க. எண்பதை நெருங்கறவங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட எனக்கு நாக்கு எழும்ப மாட்டேங்குது. அதனால இங்கே அவங்க 'தலைவி'.

எனக்குப் பின்னல் வந்தது ஒயர் கூடையிலேருந்து. எழுபது எண்பதுகள்ல நம்ம ஊர்ல ஒயர் கூடை பின்னத் தெரியாத பொண்ணு உண்டா? சிவன் கண் கூடை, நெல்லிக்காய் கூடைன்னு அம்மா கையில அடிவாங்கிக் கத்துக்கிட்டது. உல்லன் நூலும் ரெண்டு ஊசியும் கைக்கு வந்தது இங்கே வந்தப்புறம்தான். விரல் என்னவோ ஒண்ணுதானே, ஒரு குளிர்காலத்துல பழகிடுச்சு.

போன மாசம் சென்னையிலேருந்து தம்பி போன் பண்ணினான். "என்னக்கா பண்றே?"ன்னான். ஆஸ்பத்திரிக்குக் குடுக்கக் குழந்தைப் போர்வை பின்னறேன்னேன். அவன் பேங்க்ல வேலை பாக்கறவன். கேக்கணுமா? கணக்கு போட ஆரம்பிச்சுட்டான். எத்தனை அங்குலம், நூல் என்ன விலை, எத்தனை மணி நேரம் ஆகும்னு தோண்டித் தோண்டிக் கேட்டான்.

நானும் சளைக்காம சொன்னேன். 36க்கு 36 அங்குலம். அங்குலத்துக்கு நாலரைக் கண்ணின்னா ஒரு வரிசைக்கு 162 கண்ணி. நான் பின்னற கார்ட்டர் பின்னல்ல (எல்லா வரிசையும் ஒரே மாதிரி நிட் தையல்) அங்குலத்துக்கு ஒன்பது வரிசை வரும். ஆக 324 வரிசை. பெருக்கினா அம்பத்திரண்டாயிரத்துச் சொச்சம் கண்ணி. என் வேகம் நிமிஷத்துக்கு முப்பது. கிட்டத்தட்ட முப்பது மணி நேரம். நூல் மூணு கண்டு, இருபத்தஞ்சு டாலர்.

"அக்கா, உங்க ஊர்ல மத்திய அரசு நிர்ணயிச்ச குறைஞ்சபட்சக் கூலியே மணிக்கு 7.25 டாலர். முப்பது மணி நேரத்துக்கு 217 டாலர் அம்பது செண்ட். நூலோட சேர்த்து 242. கடையில பதினஞ்சு டாலருக்கு ஃப்ளீஸ் போர்வை கிடைக்குது. நீ வேலைக்குப் போயி அந்தக் காசைக் குடுத்தா பதினாறு குழந்தைக்குப் போர்வை. இப்ப எத்தனை குழந்தைக்கு? ஒண்ணு!"

பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டிருந்த ரங்கமணிக்கு வாயெல்லாம் பல். மச்சினன் பேச்சு என்னிக்குமே அவருக்குத் தேன்தான்.

இந்த இடத்துல வழக்கமா எல்லாரும் சொல்ற பதில் ஒண்ணு இருக்கு. அன்புக்கு விலை போட முடியுமா, கையால பண்ணினதுக்கு ஈடாகுமா, இத்யாதி இத்யாதி. எனக்கு இந்தப் பதில்ல உடன்பாடு இல்லை. தம்பி போட்ட கணக்கு சரி. குளிருக்குப் போர்த்திக்கத்தான் போர்வைன்னா, அதைக் கடையில வாங்கிக் குடுக்கறதுதான் புத்திசாலித்தனம். ஒரு ஊர்ல வெள்ளம் வந்து ஆயிரம் பேர் நனைஞ்சு நடுங்கறப்ப நான் ஊசியை எடுத்துக்கிட்டு உக்காந்தா அது தானமாகாது, பொழுதுபோக்குதான். காசை அனுப்பணும். அவ்வளவுதான்.

அப்போ எதுக்குப் பின்னறது? கடையில கிடைக்காதது சிலது இருக்கு. அதைப் பின்னத்தான். அது என்னென்னன்னு விவரமாச் சொல்றேன்.

'ப்ராஜெக்ட் லைனஸ்' கதையிலேருந்து ஆரம்பிக்கலாம். 1995 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் 'பரேட்' பத்திரிகையில ஒரு கட்டுரை வந்தது. லுக்கேமியா வந்த ஒரு சின்னப் பொண்ணு, கீமோதெரபி நடந்த காலம் முழுக்கத் தன்னோட குட்டிப் போர்வையைப் பிடிச்சுக்கிட்டே தாக்குப் பிடிச்சதைப் பத்தி. அதைப் படிச்ச கேரன் லவுக்ஸ்ங்கற அம்மா, டென்வர்ல இருக்கற குழந்தைகள் புற்றுநோய் மையத்துக்குக் கையால செஞ்ச போர்வைகள் குடுக்கலாம்னு ஆரம்பிச்சாங்க. இன்னிக்கு நாடு முழுக்கக் கிளைகள். பேர் எங்கேருந்து வந்ததுன்னு 'பீனட்ஸ்' கார்ட்டூன் பார்த்தவங்களுக்குப் புரிஞ்சிருக்கும். எங்கே போனாலும் ஒரு நீலப் போர்வையை இழுத்துக்கிட்டே திரியுமே லைனஸ்னு ஒரு வாண்டு, அதான்.

ஆஸ்பத்திரிக் கட்டில்ல கிடக்கற குழந்தைக்கு அங்கே ஆஸ்பத்திரிப் போர்வை இருக்கு. குளிராது. ஆனா அது ஆஸ்பத்திரியோடது. சலவைக்குப் போகும், நாளைக்கு வேற கட்டிலுக்குப் போகும். இது அந்தக் குழந்தையோடது. வீட்டுக்குப் போறப்ப கையோட எடுத்துக்கிட்டுப் போகலாம். யாரோ முகம் தெரியாத ஒருத்தங்க உனக்காகப் பண்ணினதும்மான்னு நர்ஸ் சொல்லிக் குடுப்பாங்க. இதைக் கடைப்போர்வை செய்யாதான்னு கேட்டா, ஓரளவு செய்யும். அதனால தம்பிகிட்ட இந்த வாதத்தை நான் ரொம்ப அழுத்தலை. பாதி மார்க்தான்.

ஆனா இதுலயே ஒரு ஓட்டை இருக்கு, அதைத்தான் நான் கோபமாப் பேசணும். ப்ராஜெக்ட் லைனஸ் போர்வை பிறந்த குழந்தையிலேருந்து பதினெட்டு வயசு வரைக்கும் உள்ள எல்லாருக்கும். எங்க குழுவுல சேர்ற மூட்டையைப் பிரிச்சுப் பாருங்க. இளம் மஞ்சள், இளம் பச்சை, ரோஸ், வெள்ளை, ஓரத்துல வாத்து, நடுவுல முயல்குட்டி. எல்லாமே கைக்குழந்தைக்கு! பதினஞ்சு வயசுப் பையன் விபத்துல கால் போயி படுத்திருக்கான், அவனுக்கு முயல்குட்டியா போர்த்தறது? கறுப்பு, கரும்பச்சை, நேவி ப்ளூன்னு அஞ்சரை அடி ஆளுக்கு எட்டற மாதிரி பெருசா பின்ன யாரும் வர்றதில்லை. ஏன்? பெருசா பின்ன நேரம் ஆகும். கறுப்பு நூல் கண்ணுக்குத் தெரியாது, வயசான காலத்துல கஷ்டம். இதெல்லாம் நியாயமான காரணம்தான், ஒத்துக்கறேன். ஆனா பெரிய காரணம் வேற. குழந்தைப் போர்வை பின்றப்ப நமக்குள்ள ஒரு குளிர்ச்சி. பஸ்ல, டாக்டர் கிளினிக்ல உக்காந்து பின்னினா நாலு பேர் நின்னு பார்த்து, "அய், யாருக்குக் குழந்தை?"ன்னு கேப்பாங்க. கறுப்புப் போர்வையைப் பார்த்து யாரும் அய்னு சொல்றதில்லை.

தலைவி இதுக்கு ஒரு வழி பண்ணியிருக்காங்க. மூணு குழந்தைப் போர்வை பின்னினா ஒரு கறுப்புப் போர்வை பின்னியே ஆகணும்னு சட்டம். முணுமுணுத்துக்கிட்டே பின்னறாங்க எல்லாரும். :-)

சரி, கைக்குழந்தைக்கு வருவோம். இங்கேதான் கடைக்காரர் கையை விரிக்கிற இடம்.

நிறைமாசக் குழந்தைன்னா சுமார் மூணு கிலோ. அதுக்குக் கடையில தொப்பி, போர்வை, காலுறை எல்லாம் கொட்டிக் கிடக்கு. இருபத்தெட்டு வாரத்துல பிறக்கற குழந்தை ஒரு கிலோ பக்கம்தான் இருக்கும். இருபத்து நாலு வாரத்துல பிறந்தா அறுநூறு கிராம் பக்கம். அந்தத் தலை ஒரு ஆரஞ்சுப் பழம் அளவுதான். அதுக்கு எந்தக் கடையில தொப்பி விக்கறான்? ஆர்டர் குடுத்தா வரும், தேடினா எங்கேயாவது கிடைக்கும். ஆனா அந்தக் குழந்தையோட அம்மா மூணு நாலு மாசம் கழிச்சுப் பிறக்கும்னு நினைச்சுக்கிட்டிருந்தவங்க, ஒண்ணும் தயாரா இருக்காது. இங்கே நம்ம ஊசிக்கு வேலை இருக்கு.

என்.ஐ.சி.யூன்னு சொல்ற அந்த வார்டுக்கு எங்க குழு பின்னிக் குடுக்கறதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது ஜோடித் துணி. உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெருசா ரெண்டு சதுரம். ஒண்ணு குழந்தை பக்கத்துல, ஒண்ணு அம்மாவோட ரவிக்கைக்குள்ள. தினம் ஒரு தடவை மாத்தி வெப்பாங்க. அம்மா வாசனை குழந்தைக்கு, குழந்தை வாசனை அம்மாவுக்கு. கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கற குழந்தையை நினைச்ச நேரத்துல தூக்க முடியாதில்லையா, அதுக்கு இது. இதைத் தலைவி விளக்கிச் சொன்னப்ப எனக்குப் புதுசாவே தோணலை. நம்ம வீட்டுல தூளி கட்ட அம்மாவோட பழைய நூல் புடவையைத்தானே தேடுவாங்க? புதுத்துணி வாங்க வக்கில்லாமயா? பிறந்த குழந்தையைப் பாட்டி பழைய வேட்டியிலதான் சுத்துவாங்க, நூறு தடவை துவைச்சு வெண்ணெய் மாதிரி ஆன வேட்டி. குழந்தையோட தோலுக்கு எது சுகம்னு பார்த்துட்டு அப்புறம்தான் அழகு. அந்த விஷயத்துல நம்ம பாட்டிங்க முதல் வகை, சந்தேகமே இல்லை.

இந்த வார்டுல பெரிய போர்வைக்கும் ஒரு வேலை உண்டு. இன்குபேட்டர் மேல போட்டு மூட. வயித்துக்குள்ள இருட்டுல இருக்க வேண்டிய குழந்தை டியூப்லைட் வெளிச்சத்துல கிடக்குதே, அதுக்கு ஒரு மறைப்பு. அடுத்தது கங்காரு முறை. இது பணக்கார நாட்டுலேருந்து வந்ததில்லை. கொலம்பியாவோட பொகோட்டா நகரத்துல 1978ல இன்குபேட்டர் போதாம, எட்கர் ரே சனாப்ரியாங்கற டாக்டர் குழந்தைகளை அம்மாவோட வெறும் மார்பு மேலயே சேர்த்துக் கட்டி வெக்கச் சொன்னார். அம்மா சூடுதான் குழந்தைக்கு. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட அஞ்சு நாட்டு ஆஸ்பத்திரிகள்ல ஒரு ஆய்வு நடத்தி 2021ல வெளியிட்டாங்க. எடை ரொம்பக் குறைஞ்ச குழந்தைகளைப் பிறந்த உடனேயே இப்படி வெச்சா இறப்பு நாலுல ஒரு பங்கு குறையுதுன்னு அதுல தெரிஞ்சது. போர்வைக்கு அங்கே என்ன வேலைன்னா, ரெண்டு பேர் முதுகுக்கும் மேலே ஒரு மூடல், குழந்தை தலைக்கு ஒரு தொப்பி. பின்னறவங்களுக்கு இது கொஞ்சம் அடக்கம் சொல்லிக் குடுக்கும். முதல் போர்வை அம்மா தோல்தான், நம்மது அதுக்கு மேலே.

இன்னொண்ணு, இதைத் தெரிஞ்சுக்காம யாரும் குழந்தைப் போர்வை பின்னக் கூடாது. தூங்கற குழந்தையோட தொட்டில்ல, முதல் ஒரு வருஷத்துக்கு, தளர்வான போர்வை எதுவும் இருக்கக் கூடாது. தலையணை, பொம்மையும் கூடாது. மல்லாக்கப் படுக்க வெக்கணும். மூஞ்சி மேல ஏறி மூச்சு முட்டும்கற பயம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 1992லயே குப்புறப் போடாதீங்கன்னு சொல்ல ஆரம்பிச்சாங்க, அதுக்கப்புறம் தூக்கத்துல திடீர்னு இறந்து போற குழந்தைகளோட எண்ணிக்கை பாதிக்கும் கீழே வந்துடுச்சு. போர்வை எதுக்குன்னா மடியில வெச்சுக்க, தள்ளுவண்டியில பெரியவங்க கண்ணு முன்னால போர்த்த, தரையில விரிச்சுக் குப்புறப் போட்டு விளையாட. அதனால போர்வையோட ஒரு சின்னச் சீட்டும் வெக்கறோம். "இவ்வளவு அழகா பின்னிட்டுத் தூங்கறப்ப போர்த்தாதேன்னு சீட்டு வெச்சா நல்லாவா இருக்கு?"ன்னு ஒருத்தங்க கேட்டாங்க. நல்லா இல்லைதான். அதுக்காக எழுதாம இருக்க முடியுமா?

நூல் விஷயத்துலயும் இதே கதைதான். போன வருஷம் புதுசா ஒரு அம்மா வந்தாங்க. மெரினோ கம்பளியில ஒரு போர்வை, சிலந்தி வலை மாதிரி லேஸ் பின்னல், நாலு மாசம் உழைச்சிருக்காங்க. தொட்டுப் பார்த்தா கண்ணுல தண்ணி வரும், அவ்வளவு அழகு. தலைவி ரொம்ப மென்மையா, இது ஆஸ்பத்திரிக்கு ஆகாதேன்னு சொன்னாங்க. கம்பளியை ஆஸ்பத்திரி சலவைச் சூட்டுல போட்டா சுருங்கிக் கெட்டியாகி அட்டை மாதிரி ஆயிடும். லேஸ் ஓட்டையில குழந்தையோட விரல் மாட்டும். சலைன் குழாய் மாட்டும். இதை விட்டா வேற காரணமே வேண்டாம். வந்தவங்களுக்கு முகம் சிவந்துடுச்சு. அன்போட கொண்டு வந்ததை வேண்டாங்கறீங்களேன்னு எழுந்து போயிட்டாங்க. அப்புறம் வரவே இல்லை.

பாவம்னு சொன்னாங்க குழுவுல பாதிப் பேர். எனக்கும் பாவமாத்தான் இருந்தது. ஆனா நான் தலைவி கட்சி. அந்தப் போர்வையை வாங்கி வெச்சுக்கிட்டு, சிரிச்ச முகத்தோட நன்றி சொல்லிட்டு, அப்புறம் பீரோவுல தூக்கிப் போட்டிருந்தா எல்லாருக்கும் மனசு குளிர்ந்திருக்கும். குழந்தைக்கு? நாலு மாசத்துக்கு முன்னால ஒரே ஒரு போன் பண்ணிக் கேட்டிருந்தா அந்தக் கைக்கு எத்தனை குழந்தை பலன் அடைஞ்சிருக்கும்! அந்த ஆதங்கம்தான் எனக்கு.

கம்பளியே கெட்டதுன்னு சொல்லலை. இடத்துக்கு இடம் மாறும். இங்கே பின்னின போர்வைக்கு 'ஆப்கன்'னே ஒரு பேர் உண்டு. 2001ல சான் பிரான்சிஸ்கோவுல 'ஆப்கன்ஸ் ஃபார் ஆப்கன்ஸ்'னு ஒரு முயற்சி ஆரம்பிச்சாங்க, ஆப்கானிஸ்தானுக்குப் பின்னி அனுப்ப. அவங்க கம்பளிதான் வேணும், அக்ரிலிக் வேண்டாம்னு கேட்டாங்க. அந்த மலைக்குளிருக்குக் கம்பளிதான் தாங்கும், நனைஞ்சாலும் சூடு விடாது. அதோட வீட்டுக்குள்ள அடுப்பு எரியற இடம். கம்பளி லேசுல தீப்பிடிக்காது, அக்ரிலிக் உருகி ஒட்டிக்கும். எங்க ஆஸ்பத்திரி கேக்கறது இதுக்கு நேர் எதிர்: அக்ரிலிக் இல்லேன்னா பருத்தி, மெஷின்ல துவைச்சுக் காய வெக்கற மாதிரி. ரெண்டு பேரும் சொல்றது சரி. எது சரின்னு வீட்டுல உக்காந்துக்கிட்டு நமக்குத் தெரியாது, கேட்டாத்தான் தெரியும்.

கேக்காம குவிச்சா என்ன ஆகும்கறதுக்கு ஒரு பென்குயின் கதை (சிரிக்காதீங்க, நிஜம்). 2001ல ஆஸ்திரேலியாவுல ஃபிலிப் தீவுப் பக்கம் கடல்ல எண்ணெய் கசிஞ்சு 438 குட்டிப் பென்குயின் மாட்டிக்கிச்சு. இறக்கையில ஒட்டின எண்ணெயை அலகால கோதி முழுங்கிடாம இருக்க, கழுவற வரைக்கும் குட்டி ஸ்வெட்டர் போட்டு விட்டாங்க. 96 சதவீதம் பிழைச்சுது. நல்ல காரியம். ஆனா விஷயம் பரவினதும் உலகம் முழுக்கலேருந்து ஸ்வெட்டர் வந்து குவிஞ்சு, அத்தனை பென்குயினுக்கு எங்கே போறது? மிச்சத்தை பொம்மைப் பென்குயினுக்குப் போட்டு வித்து நிதி சேர்த்தாங்க. கெட்டிக்காரங்க. எல்லா இடத்துலயும் அப்படி ஒரு வழி கிடைக்காது.

இப்போ நான் எழுத உக்காந்த காரணத்துக்கு வர்றேன். இதுவரைக்கும் சுத்தி வளைச்சதே இதை எழுதத் தயங்கித்தான்.

எங்க குழுவுல ஒரு மர அலமாரி உண்டு. அதுல கீழ்த்தட்டு தனி. அங்கே பத்தங்குலச் சதுரப் போர்வைகள், ரெண்டு ரெண்டா ரிப்பன் இல்லாம மடிச்சு வெச்சிருக்கும். வெள்ளை, சந்தன நிறம், இளம் ஊதா. ரெண்டும் ஒரே நூல், ஒரே பின்னல். ஜோடித் துணின்னு நினைச்சுக் கேட்டேன். இல்லைன்னாங்க தலைவி. இது பிழைக்காத குழந்தைகளுக்கு.

இருபது வாரத்துல, இருபத்திரண்டு வாரத்துல பிறந்து இறந்து போறது, வயித்துலயே இறந்து பிறக்கறது. முந்நூறு கிராம், நானூறு கிராம் இருக்கும். பழைய காலத்துல அம்மா கண்ணுல காட்டாமலே எடுத்துட்டுப் போயிடுவாங்களாம், பார்த்தா மனசு உடைஞ்சிடும்னு. தலைவி வேலைக்குச் சேர்ந்த புதுசுல அப்படித்தான் நடந்ததாம். இப்போ அப்படி இல்லை. பெத்தவங்க விருப்பப்பட்டா கையில குடுக்கறாங்க, தூக்கி வெச்சுக்கலாம், பேர் வெக்கலாம். அப்போ அந்தக் குழந்தையை எதுல சுத்திக் குடுக்கறது? ஆஸ்பத்திரியில இருக்கற சின்னப் போர்வையே அதுக்குக் கடல். டவல்ல, சர்ஜிகல் துணியில சுத்தியிருக்காங்க. ஒரு நர்ஸ் கைக்குட்டையில சுத்தினாங்களாம்.

ரெண்டு எதுக்குன்னு கேட்டேன். ஒண்ணு குழந்தையோட போகும். இன்னொண்ணு அம்மாகிட்ட இருக்கும். வீட்டுக்குத் திரும்பிப் போறப்ப அவங்க கையில வேற ஒண்ணும் இருக்காதேம்மான்னாங்க.

நான் அன்னிக்கு அதுக்கப்புறம் பேசலை. எங்க பாட்டிக்குப் பிறந்து தங்காத குழந்தைங்க ரெண்டு. அதைப் பத்தி அவங்க வாய் திறந்ததே கிடையாது. எத்தனை குழந்தைன்னு யாராவது கேட்டா மட்டும் ஆறுன்னுதான் சொல்வாங்க. வீட்டுல நாலு பேர்தான்.

இதுக்குக் கடையில என்ன கிடைக்கும் சொல்லுங்க? எந்தக் கம்பெனி இந்த அளவுல போர்வை போட்டு, எந்தக் கடைக்காரர் எந்த அலமாரியில அடுக்கி, எந்த விலைச்சீட்டு ஒட்டுவார்? தம்பி கணக்குல இதுக்கு இடமே இல்லை. பத்தங்குலத்துக்கு நாலாயிரம் கண்ணி, ரெண்டேகால் மணி நேரம். ஜோடிக்கு நாலரை. நூல் மூணு டாலருக்குள்ள. பணமாக் குடுக்கறேன்னா ஆஸ்பத்திரி அதை வெச்சுக்கிட்டு இதை எங்கே போய் வாங்கும்?

எங்க குழுவுலயே கீழ்த்தட்டுக்குப் பின்ன ரொம்பப் பேர் முன்வர மாட்டாங்க. அபசகுனம்னு இல்லை, அழுகை வரும்னு. அதை நான் குறை சொல்லலை. ஒருத்தங்க, அவங்க மக ரெண்டு வருஷம் முன்னாடி இப்படி ஒரு குழந்தையை இழந்தாங்க, அவங்க அந்தத் தட்டுக்கு மட்டும்தான் பின்னறாங்க. வேற எதுவும் பின்ன மாட்டாங்க. யாரும் கேக்கறதும் இல்லை.

"இதெல்லாம் குளிர் நாட்டுச் சமாச்சாரம், சென்னை வெயில்ல யாருக்கு வேணும் உல்லன்?"னு யாராவது கேப்பீங்க, எனக்குத் தெரியும். 2016 ஜனவரி 31ம் தேதி சென்னையில 'மதர் இந்தியாஸ் க்ரோஷே குவீன்ஸ்'ங்கற பெண்கள் குழு குரோஷாவுல 11,148.5 சதுர மீட்டருக்குப் போர்வை போட்டு கின்னஸ்ல ஏறினாங்க. அதுவும் தனித்தனிப் போர்வைகளைப் பின்னிச் சேர்த்தது, அப்புறம் தேவைப்படறவங்களுக்குக் குடுக்கற திட்டத்தோட. சாதனைக்குச் சாதனையும் ஆச்சு, வாங்கறவங்களையும் முன்னாலயே யோசிச்சாச்சு. ஆகக் கை இருக்கு நம்ம ஊர்ல. நூல் மட்டும் பருத்தியா இருந்தா நம்ம வெயிலுக்கும் ஆகும், குறைமாசக் குழந்தை நம்ம ஊர் ஆஸ்பத்திரியிலயும் பிறக்குது. உங்க பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போயி அந்த வார்டு நர்ஸ்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. என்ன வேணும், எந்த அளவு, எந்த நூல், எத்தனைன்னு. வேண்டாம்னு சொன்னாங்கன்னா வேண்டாம். மனசு நோகாம திரும்பி வந்துடணும்.

கேட்டுட்டு வந்தவங்களுக்காக, ஊசி பிடிக்கத் தெரிஞ்சாலே வரக்கூடிய ஒரு பின்னல் சொல்றேன். மூலையிலேருந்து மூலைக்குப் போறது, கணக்கே வேண்டாம், ஓட்டையும் விழாது. ஊசியில 3 கண்ணி ஏத்திக்கோங்க. ஒவ்வொரு வரிசையிலயும் முதல் கண்ணியை நிட், ரெண்டாவது கண்ணியில முன்பக்கமும் பின்பக்கமுமா ரெண்டு தடவை நிட் (இப்படி ஒண்ணு கூடும்), மிச்சம் எல்லாம் நிட். முக்கோணமா வளர்ந்துக்கிட்டே வரும். அதோட பக்கவாட்டு ஓரம் பத்தங்குலம் ஆனதும், இல்லை நூல்ல பாதி தீர்ந்ததும், குறைக்க ஆரம்பிங்க: முதல் கண்ணி நிட், அடுத்த ரெண்டையும் சேர்த்து ஒண்ணா நிட், மிச்சம் நிட். மறுபடி 3 கண்ணி வந்ததும் முடிச்சுடுங்க. ஓரத்துல தொங்கற நூலை ஊசியால உள்ளே நல்லா கோத்து மறைக்கணும், முடிச்சு துருத்தக் கூடாது. பொத்தான், ரிப்பன், மணி எதுவும் வேண்டாம். வாசனை இல்லாத சோப்புல துவைச்சு, புது பிளாஸ்டிக் பையில போட்டு, பை மேல நூல் என்னன்னு எழுதிடுங்க.

அப்புறம் அதே மாதிரி இன்னொண்ணு.

டிஸ்கி: அங்குலத்துக்கு நாலரைக் கண்ணிங்கறது என் கை. உங்க கை இறுக்கமா இருந்தா கூடும், தளர்வா இருந்தா குறையும். தம்பிக்கு லிங்க் அனுப்பிட்டேன், கணக்குல தப்பு இருந்தா அவன் வந்து சொல்வான். :-)